மஞ்சள் வெளிச்சத்தில் அண்ணாச்சி

அந்தக் குண்டு பல்பு இன்னும் என் பீரோவில், கம்பளித் துணிகளுக்கு நடுவே, அதன் அட்டைக் கூட்டோடு இருக்கிறது. தில்லியில் குளிர் இறங்கி ஸ்வெட்டர்களை வெளியே எடுக்கும்போதெல்லாம் அதையும் எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். குண்டு பல்புக் காலத்து ஆட்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் கிணுகிணு என்று மெல்லிய சத்தம் வரும். வரவில்லை என்றால் பல்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் ஒரு தடவைகூட நான் இதை எரியவிட்டதில்லை. "எதுக்கு மம்மா இந்தக் கபாட், ஃபேங்க் தோ நா", குப்பையைத் தூக்கிப் போடேன் என்று என் பெண் வருஷா வருஷம் சொல்கிறாள். தில்லியில் பிறந்த பெண், அவளுக்குத் தமிழும் பாதி, பழைய சாமான்கள் மேல் பொறுமையும் பாதி. நானும் வருஷா வருஷம் சரி சரி என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடுவேன்.

இதை எனக்குக் கொடுத்தவர், கிட்வாய் நகர் குவார்ட்டரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த சிஸ்டர். ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். பாளையங்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். தமிழ்க்காரர்கள், பஞ்சாபிகள், பிகாரிகள், எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். அவருடைய கணவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதி, சீக்கிரமே வேலையை விட்டுவிட்டு, வீட்டில் சமையலும் அரட்டையுமாக இருந்த மனிதர். பிள்ளைகள் இல்லை. அண்ணாச்சி ஒரு நிமிஷம் வாயை மூட மாட்டார், சிஸ்டர் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கடவுள் ஒரே அளவு பேச்சைத்தான் கொடுத்திருந்தார், அதை அண்ணாச்சி மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்று நான் கேலி செய்வேன்.

சிஸ்டரின் கண்ணைப் பற்றி எங்கள் பிளாக்கில் ஒரு பயம் இருந்தது. நான் ஒன்றும் பேய் பிசாசு நம்புகிறவள் அல்ல. ஆனாலும் அவர் எதிரே வந்தால் என்னையறியாமல் முகத்தைத் துடைத்துக்கொள்வேன். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு ஏதோ தெரிந்துவிடும். ஒருநாள் காலை தெருவில் காய்கறி வண்டிக்காரனிடம் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர், சட்டென்று அவன் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடக்கிறது, உனக்குப் புத்தி இருக்கிறதா, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ என்று இந்தியில் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். அவனுக்கு மஞ்சள் காமாலை. சரியாகி வந்த பிறகு அவரிடம் கொத்தமல்லிக்குக் காசு வாங்கவே மாட்டான்.

அப்படித் திட்டினால் பயமில்லை. திட்டு வாங்கினவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது எங்கள் பிளாக்கின் கணக்கு. பயம் வேறு ஒன்றுக்குத்தான். மூலை வீட்டு அம்மாளை ஒருமுறை படிக்கட்டில் பார்த்தார். திட்டவில்லை, மருந்து சொல்லவில்லை, ஆஸ்பத்திரி என்ற பேச்சே எடுக்கவில்லை. நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, "கானா கா லியா?", சாப்பிட்டாச்சா என்று மிருதுவாகக் கேட்டார். அந்த அம்மாள் அந்த மாதம் தாண்டவில்லை. பின் வீட்டு ரிடையர்டு ஆபீசரையும் அப்படித்தான் கேட்டார் என்பார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் அவர் வாயில் அந்த ஒரு கேள்விதான் வரும். இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் நாங்கள் யாருமே அவர் எதிரில் பசிக்கிறது என்று சொன்னதும் இல்லை.

அவர் வீட்டில் ட்யூப்லைட் கிடையாது. குவார்ட்டரோடு வந்ததை எப்போதோ கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். ஹால், படுக்கையறை, சமையலறை, எல்லா இடத்திலும் குண்டு பல்புதான். உள்ளே நுழைந்தால் நெய் உருக்கின நிறத்தில் ஒரு வெளிச்சம். புத்தகம் படிக்க முடியாது, அரிசியில் கல் பொறுக்க முடியாது. ஒருநாள் நான் எரிச்சலோடு கேட்டுவிட்டேன், இதென்ன சிஸ்டர், மாட்டுக்கொட்டகை மாதிரி என்று. அவர் கோபப்படவில்லை.

"வார்டுல பூரா வெள்ளை லைட்டு. அதுல யாரைப் பாத்தாலும் எனக்கு உள்ள இருக்கிறது தெரியும். வீட்டுக்கு வந்தா எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்மா" என்றார்.

அந்தப் பதிலின் கனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

பிறகு எல்.இ.டி. பல்புகள் வந்தன. கரண்டு பில்லைக் காட்டினால் மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று காலனி முழுக்க வரிசையில் நின்றது. என் வீட்டுக்காரரும் ஒரு டஜன் வாங்கிவந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வீட்டையே வெளுத்துவிட்டார். முதல் நாள் மாலை சுவிட்சைப் போட்டதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது நினைவிருக்கிறது. உதட்டில் ரத்தமில்லை, கண்ணுக்குக் கீழே குழி. பெண்கூட பயந்துபோய், "மம்மா, தூ பீமார் ஹை க்யா?", உனக்கு உடம்பு சரியில்லையா என்றாள். இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது. பழகியது வெளிச்சமா, அந்த முகங்களா என்று இப்போது யோசித்தால் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பனி இறங்கிய மாலைகளில் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது பிளாக் முழுவதும் சவத்துணி நிறத்தில் ஜன்னல் ஜன்னலாக நிற்கும். கீழ்வீட்டு ஜன்னல் ஒன்று மட்டும் மஞ்சளாக இருக்கும். அதைப் பார்த்து நடந்தால்தான் எனக்கு வீடு எது என்று தெரியும்.

அண்ணாச்சிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஊரெல்லாம் மாற்றிவிட்டது, நாம் மட்டும் இன்னும் குண்டு பல்பா என்று அவளிடம் கேட்டால் முறைக்கிறாள், தங்கச்சி, அவள் டூட்டியில் இருக்கும்போது மாட்டிவிடுவோம், வந்து பார்த்தால் அவளே அசந்துபோவாள் என்று என்னைக் கூட்டுச் சேர்த்தார். ஆபீஸ் விடுமுறை நாள் ஒன்றில் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளப் போனேன். பூட்டிய ஜன்னல், கனத்த திரை, வெளியே பனி. தரைத்தள வீட்டுக்குக் குளிர்காலத்தில் வெயில் எட்டிப் பார்க்காது, பகலிலேயே விளக்கெரியும். அண்ணாச்சி ஸ்டூலில் ஏறி, நடுநடுவே கையைப் பரபரவென்று சொறிந்துகொண்டே பல்புகளை மாற்றினார். இந்த தில்லிக் குளிர் தோலை உரிக்குது தங்கச்சி, அவளும் தினமும் தேங்காயெண்ணெய் தேய்ச்சுவிடுதா, அரிப்பு நிக்க மாட்டேங்குது என்றார். ஸ்வெட்டர் தொளதொளவென்று தொங்கியது. வெள்ளை வெளிச்சத்தில் அவர் முகம் ஒருமாதிரிதான் இருந்தது. புது வெளிச்சத்தில் எல்லோருமே ஒருமாதிரிதான் இருந்தோம் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் சிஸ்டர் வந்து கதவைத் தள்ளினார். மஃப்ளரும் தோளில் பையுமாக நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அண்ணாச்சி கழற்றிய பல்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி, பரிசு வாங்கப் போகிற பள்ளிப் பிள்ளை மாதிரி ஹாலின் நடுவில் நின்றார். திட்டு விழப்போகிறது என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் சிஸ்டர் பையை இறக்காமலே கையை நீட்டி சுவிட்சை அணைத்தார்.

பல்பு அணைந்தது, ஆனால் முழுதாக அணையவில்லை. உள்ளே எங்கேயோ சாம்பல் நிறத்தில் ஒரு மினுக்கல் தங்கிவிட்டது. அந்தச் சுவிட்சில் இருந்த சின்ன சிவப்பு விளக்கின் வழியாகக் கொஞ்சம் கரண்டு கசியும், எல்.இ.டி.க்கு அதுவே போதும், பழைய வீடுகளில் இது சகஜம் என்று பின்னால் என் வீட்டுக்காரர் விளக்கினார். அந்த நிமிஷத்தில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? இருட்டில் அண்ணாச்சியின் உடம்பு மறைந்து முகம் மட்டும் தனியே நின்றது. அந்த முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது.

"போடும்மா" என்றார் சிஸ்டர் என்னிடம். போட்டேன். அவர் அண்ணாச்சியின் கண்களை மட்டும் பார்த்தார். பிறகு பையை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, அதுவரை நான் கேட்டிராத குரலில் கேட்டார்.

"சாப்பிட்டியளா, அத்தான்?"

அண்ணாச்சி, நீ வராம என்னைக்குடி நான் சாப்பிட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். சிஸ்டரும் சிரித்தார். நான் எப்படிப் படியேறி வந்தேன் என்று தெரியவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கணையத்தில் கட்டி, ஈரல் வரை போய்விட்டது. அதுதான் அரிப்பு, அதுதான் மஞ்சள். மஞ்சளை மஞ்சள் வெளிச்சத்தில் பார்க்க முடியாது என்பதை அப்போதுதான் நான் புரிந்துகொண்டேன். சிஸ்டருக்கு விடியுமுன் போய் இருட்டிய பின் வருகிற டூட்டி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனாலோ பனிமூட்டத்தில் அண்ணாச்சி தலையில் குரங்குக் குல்லா, அதன்மேல் கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கறுப்புக் கண்ணாடி. தெருவில் போகிற காய்கறிக்காரன் கண்ணில் பார்த்ததை, பக்கத்தில் படுத்திருந்தவர் கண்ணில் சிஸ்டர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் அந்த வெளிச்சத்தையே வீட்டில் வைத்திருந்தார். ஒரு மாதம் முன்னால் தெரிந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது சிஸ்டர் நம்பினாரா, இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அண்ணாச்சியிடம் பித்தக் குழாயில் கல், மாத்திரையில் கரைந்துவிடும் என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துவந்தார். வந்த அன்றைக்கே வெள்ளை பல்புகளைக் கழற்றி என் கையில் கொடுத்து, மேலே வைத்துக்கொள் என்றார். பழைய குண்டு பல்புகள் மறுபடி ஏறின. அண்ணாச்சிக்குத் தன் முகம் தெரியக் கூடாது, அவ்வளவுதான் சிஸ்டருக்கு வேண்டியிருந்தது. அந்த வெளிச்சத்தில் சவரக் கண்ணாடியைப் பார்த்து, குறைஞ்சிருக்குல்லா என்று அண்ணாச்சி கேட்பார். நல்லாக் குறைஞ்சிருக்கு என்பார் சிஸ்டர். பார்க்க வருகிறவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்ததும், நல்லாத்தானே இருக்கீங்க என்று ஆச்சரியப்படுவார்கள். வெளியே போகும்போது சந்தேகத்தோடு திரும்பிப் பார்ப்பார்கள். ஆள் எலும்பாகிக்கொண்டிருந்தார், முகம் மட்டும் கல்யாண வீட்டில் இருப்பவர் முகம் மாதிரி பளபளத்தது. அந்த வீட்டுக்குள் போகவே எனக்குப் பயமாக இருந்தது. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

குண்டு பல்பு சும்மா இருக்குமா? வோல்டேஜ் ஏறி இறங்கினால் பட்டென்று போய்விடும். மார்க்கெட்டில் அதற்குள் எல்லாக் கடையிலும் எல்.இ.டி.தான். மஞ்சள் எல்.இ.டி. என்று ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். அது எலுமிச்சம்பழ மஞ்சள், அண்ணாச்சியை இன்னும் மோசமாகக் காட்டியது. சிஸ்டர் உடனே அணைத்துவிட்டார். கோட்லா, போகல், கடைசியில் சாந்தினி சௌக்கின் பாகீரத் பேலஸ் மின்சாமான் சந்தை வரை போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். யாருக்கும்மா இந்தக் காலத்தில் இது என்று சிரித்தான் கடைக்காரன். கோழிக் குஞ்சுக்குச் சூடு காட்டவா என்றும் கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். ஆமாம் பையா, குஞ்சுக்குத்தான் என்று சொல்லி, தூசி படிந்த பல்புகளை ஒவ்வொன்றாகக் காதோரம் ஆட்டிப் பார்த்து வாங்கிவந்தேன். வழியெல்லாம் மெட்ரோவில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, கடவுளே, இவை அவர் இருக்கும்வரை தாங்கட்டும் என்று வேண்டினேன். என்ன மாதிரி வேண்டுதல் அது.

குளிர் விட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம், சிஸ்டர் டூட்டிக்குப் போயிருந்தார், நான் லீவு போட்டு அண்ணாச்சிக்குத் துணையாக இருந்தேன். அவர் அப்போது அதிகம் பேசுவதில்லை. அதுவே அந்த வீட்டில் புதிதாகக் குடிவந்த ஆள் மாதிரி இருந்தது. கண்ணை மூடிக் கிடந்தவர் திடீரென்று, மேலே இருக்கிற அந்த வெள்ளை பல்பைக் கொண்டுவந்து மாட்டு தங்கச்சி என்றார். நான் என்னென்னவோ சாக்குச் சொன்னேன். ஃப்யூஸ் ஆகிவிட்டது என்றேன், யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றேன். "என் மூஞ்சியை நான் பாக்கக் கூடாதா?" என்றார். மேலே போய் அதை எடுத்துவந்தேன்.

மாட்டினேன். சவரக் கண்ணாடியைக் கேட்டார். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். "மஞ்சத் தேச்சுக் குளிச்ச மாதிரில்லா இருக்கேன்" என்று ஒரு சிரிப்பு. பிறகு அவரே சொன்னார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தங்கச்சி. இத்தனை வருசத்துல அவ என்னைய ஒருநாளும் சாப்பிட்டியளான்னு கேட்டதில்ல. சோத்தை வச்சுட்டு, வந்து கொட்டிக்கிடுங்கன்னு ஏசுவா. அன்னைக்குக் கேட்டா பாத்தியா."

பிளாக்கில் இருந்த நாங்கள் மட்டுமே வைத்திருந்ததாக நினைத்த ரகசியம், அவரிடமும் இருந்திருக்கிறது. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மஞ்சளையே போட்டுவிடு, அவள் வருவதற்குள் என்றார். எனக்குத் தெரியாதென்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும் என்றார். சுவிட்சை அணைத்தேன். அந்தச் சாம்பல் மினுக்கல் மறுபடி பல்பில் தங்கியது. அதைக் கழற்றியபோது, ஹோல்டரை விட்டு வரும்வரை அது என் விரல்களுக்குள் மினுங்கிக்கொண்டே இருந்தது.

ஈஸ்டருக்குச் சில நாள் முன்னால் அண்ணாச்சி போய்விட்டார். மஞ்சள் வெளிச்சத்தில்தான் போனார். போகும்போதும் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தார். அதன் பிறகு சிஸ்டர் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குக் கிளம்பினார். சாமான் கட்டிய அன்று, எரியாமல் மிஞ்சியிருந்த இந்த ஒரு பல்பை என்னிடம் கொடுத்தார். நீ அலைந்து வாங்கினது, நீயே வைத்துக்கொள் என்றார். பிறகு, ஏதோ மறந்துபோனதைச் சொல்வதுபோல, "அன்னைக்கு நீ அவருக்கு வெள்ளை லைட்டு போட்டேல்லா" என்றார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"திருப்பி மாட்டுன குண்டு பல்புல உன் விரல் தடம் இருந்துச்சு. தூசியில நாலு விரலும் சுத்தமா. சுவத்துல நெழலு விழுந்துச்சு. அவரு மூஞ்சியைப் பாத்துட்டாருன்னு எனக்குத் தெரியும், அது அவருக்குத் தெரியாது. அவரு தெரியாத மாதிரி இருந்தாரு, நானும் தெரியாத மாதிரி இருந்தேன். நல்லாத்தாம்மா இருந்துச்சு அந்தக் கொஞ்ச நாளு."

என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, இப்படி ராத்திரி பகலாய் ஃபைலில் கிடந்தால் உடம்பு என்னத்துக்காகும், ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பார் என்று நன்றாக ஏசினார். அந்த ஏச்சைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

இப்போது நாங்கள் மயூர் விஹாரில் சொந்த ஃப்ளாட்டில் இருக்கிறோம். கூரையோடு கூரையாகப் பதித்த வெள்ளைப் பலகை விளக்குகள். ஒரு மூலையில்கூட நிழல் கிடையாது. சிஸ்டரின் கண் எனக்கு வராது, வரவும் வேண்டாம். ஆனாலும் இந்த வெளிச்சத்தில் யார் எதிரே வந்தாலும் என் பார்வை முதலில் அவர்கள் கண்ணின் வெள்ளைக்குத்தான் போகிறது. கல்யாண வீட்டில், ஆபீஸ் லிஃப்டில், கண்ணாடியில். இது ஒரு வியாதி என்று என் பெண் சொல்கிறாள். இருக்கலாம்.

இந்தக் குளிர்காலமும் ஸ்வெட்டர்களை எடுத்தேன், பல்பும் கையோடு வந்தது. என் வீட்டுக்காரர் சோபாவில் மொபைலைப் பார்த்துக்கொண்டு, முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். பரபரவென்று அந்தச் சத்தம். பல்பைப் பிடித்த கையோடு போய் அவரை இழுத்து விளக்குக்கு நேர் கீழே நிறுத்தி, இமையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கண்ணும் வெள்ளை வெளேர். எனக்கு உயிர் வந்தது. குளித்ததும் எண்ணெய் தடவுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது, சொன்னால் கேட்கிற ஜென்மமா நீங்கள் என்று ஆசை தீர ஏசினேன். அவர் ஏச்சைக் காதில் வாங்கவில்லை. அவ்வளவு பக்கத்தில், அந்த வெளிச்சத்தில், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்வாய் நகரில் அவரும் என்னோடு அதே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்தான்.

"நீ சாப்பிட்டியா?" என்றார், மெதுவாக.

ஒன்றும் யோசித்துக் கேட்டிருக்க மாட்டார். மத்தியானம் நான் சரியாகச் சாப்பிடாததைக் கவனித்திருப்பார். ஆச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். பல்பைக் காதோரம் வைத்து இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. பீரோவில் வைக்க மனசில்லாமல், கட்டிலுக்குப் பக்கத்தில், கையெட்டும் இடத்தில் வைத்தேன்.